ஸ்லாவ்கா வைத்த சிவப்புச் சீட்டு

"கொஞ்ச நேரம் வாய மூடிட்டு இருங்க," என்பாள் ஸ்லாவ்கா, நிலவறைப் படியில் பாதி இறங்கும்போதே. வீட்டுக்காரர் பாதிரியாராக இருந்தாலும் அதே வார்த்தைதான். வீட்டைச் சூடாக்கும் கேஸ் உலையின் முன்னால் குந்தி உட்கார்ந்து, தகட்டுக் கதவைக் கழற்றி, அது பற்றிக்கொள்ளும் சத்தத்தைக் கேட்பாள். ஒரே மூச்சில் 'ஃபூ' என்று பற்றினால் தலையாட்டுவாள். விக்கி, இருமி, 'டப்' என்று பற்றினால் கோட்டைக் கழற்றிப் படிக் கைப்பிடியில் மாட்டுவாள். அவள் கோட்டைக் கழற்றினால் வேலை நீளும் என்பது கனடாவின் வின்னிபெக் நகர வடக்குப் பகுதியில் பாதிப் பேருக்குத் தெரியும்.

பெயின்ட் டப்பா, தின்னர், ஹாக்கி மட்டை, போன வருஷத்து கிறிஸ்துமஸ் மரம் என்று ஊரார் எல்லாவற்றையும் உலையின் கதகதப்பில்தான் கொண்டுபோய்ச் சாத்திவைக்கிறார்கள். ஒதுக்கி வையுங்கள் என்று ஸ்லாவ்கா சொல்வதில்லை. தானே தூக்கிக்கொண்டு மேலே போய்ச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டு வருவாள். "அங்க இருந்தாத்தான் உங்க கண்ணுல படும்." அழுக்கேறிய ஃபில்டரை உருவினால் அதை வீட்டுக்காரர் மூக்குக்கு நேரே பிடிப்பாள். "இது வழியா நீங்க மூச்சு விடுவீங்களா? பாவம், உலை மட்டும் விடணும்." புது ஃபில்டரின் ஓரத்தில் தேதியைக் கொட்டை எழுத்தில் எழுதுவாள். கிளம்பும் முன் வீட்டைச் சுற்றிப்போய், புகை வெளியேறும் குழாயின் வாயை மூடியிருக்கும் பனியைப் பூட்ஸ் காலால் உதைத்துத் தள்ளுவாள்.

வயது ஐம்பத்தேழு. குட்டை உருவம், அகலமான தோள். இடது புருவத்தில் பாதி கிடையாது. தொழில் பழகிய காலத்தில் ஓர் உலை அதைப் பொசுக்கிவிட்டது. கேஸ் வேலைக்குப் பொம்பளையா என்று சிரித்தவர்கள் அன்று கூடுதலாகச் சிரித்தார்கள். "போனதும் என் புருவம், வந்ததும் என் புத்தி. உங்களுக்கு என்ன?" என்று கேட்டுவிட்டு மறுநாளும் வேலைக்குப் போனாள்.

இந்த ஜனவரி பதின்மூன்றாம் தேதி நடந்தது இது. பழைய காலண்டர்ப்படி புத்தாண்டுக்கு முந்தின நாள். உக்ரைன்காரர் வீடுகளில் மலாங்கா விருந்து. அண்ணன் மைரன் வீட்டுக்கு இருபத்திரண்டு பேர் வருவதாக இருந்தது. வெளியே குளிர் பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று. மாடியில் மைரனின் மூன்று மாதப் பேத்தி ஸோயா தூங்கிக்கொண்டிருந்தாள். வருஷத்துக்கு ஒரு தடவை உலையைப் பார்க்க விடு என்று ஸ்லாவ்கா கேட்டு, அப்புறம் பார்க்கலாம் என்று அவன் தட்டிக்கழித்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அன்று மதியம் முட்டைக்கோஸ் சுருள் தட்டை அடுப்படியில் வைத்துவிட்டு, யாரையும் கேட்காமல் அவள் கீழே இறங்கினாள்.

தீ முதலில் நீலமாக, நேராக நின்றது. காற்றை வீட்டுக்குள் தள்ளும் விசிறி சுழலத் தொடங்கியதும் மஞ்சளாகிச் சாய்ந்து ஆடியது. தீயையும் வீட்டுக் காற்றையும் பிரிக்கிற இரும்புச் சுவரில் எங்கோ வாய் பிளந்திருக்கிறது. சிறு கேமராவை உள்ளே விட்டாள். விரல் நீளத்துக்கு விரிசல். மேலே போய், அறைக்குள் சூடான காற்று வரும் துளையில் பிடித்த மீட்டர், ஆளைக் கொல்லும் கார்பன் மோனாக்சைடு வாயு என்றது. திரும்ப இறங்கி வால்வை மூடினாள், கேஸ் குழாயைக் கழற்றி முனைக்கு மூடி போட்டு இறுக்கினாள், 'ஆபத்து, இயக்கக் கூடாது' என்ற சிவப்புச் சீட்டைக் கட்டித் தொங்கவிட்டாள். மேலே வந்து ஜன்னல்களைத் திறந்தாள்.

"உள்ள விரிசல்ணே. நிறுத்திட்டேன். எல்லாரும் கோட்டு மாட்டிட்டு வெளிய வாங்க, மொதல்ல குழந்தை."

"விருந்து முடியட்டும்டி. நாளைக்கு நிறுத்து."

"நாளைக்குச் சொல்றதுக்கு ஆள் இருக்கணுமே."

"இருபத்தெட்டு வருஷமா ஓடுது. யாரு செத்தா? கூடப் பொறந்தவன் வீட்ல வந்து சீட்டு ஒட்டறியே, வெக்கமா இல்ல?"

"இல்ல."

அண்ணி லெஸ்யா குழந்தையைப் போர்த்தியபடியே மெதுவாகக் கேட்டாள். "மீட்டர் தப்பாக் காட்டலாமில்ல?"

"காட்டலாம் அண்ணி. அதான் ரெண்டு வச்சிருக்கேன். ரெண்டும் ஒண்ணாப் பொய் சொல்லாது."

மைரன் போனை எடுத்து இன்னொரு மெக்கானிக்கைக் கூப்பிட்டான். "சீட்டு வச்சது யாரு?" என்றது மறுமுனை. பேரைச் சொன்னான். "அவ வச்சதா? அப்ப நான் வந்து என்ன செய்ய?" என்று போன் அணைந்தது. அவன் ஸ்பேனரைத் தேடிக்கொண்டு நிலவறைப் பக்கம் திரும்பியபோது ஸ்லாவ்கா மேல்படியில் உட்கார்ந்திருந்தாள், சுவருக்குச் சுவர் அடைத்துக்கொண்டு.

"என்னைத் தூக்கிப் போட்டுட்டுப் போ."

நின்றவன் தலைக்கு மேல், சுவரில் விஷவாயு அபாய மணிப் பெட்டி வாய் திறந்து காலியாகக் கிடந்ததை அவள் அப்போதுதான் பார்த்தாள்.

"இதுக்குள்ள இருந்த பேட்டரி எங்க?"

"சும்மா கத்திக்கிட்டே இருந்துச்சு. கிறிஸ்துமஸ் அப்ப எடுத்துட்டேன்."

வாசலில் லெஸ்யா நின்றுவிட்டாள். "எனக்குத் தலைவலி அப்பலேருந்துதான், மைரன்," என்றாள்.

அதற்குமேல் யாரும் விருந்தைப் பற்றிப் பேசவில்லை. மைரனின் மகன் பெற்றோரையும் குழந்தையையும் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். ரத்தத்தில் அந்த வாயு கொஞ்சம் ஏறியிருந்தது. ஆக்சிஜன் கொடுத்து, பயமில்லை என்று மாலையே அனுப்பினார்கள். விருந்து ஸ்லாவ்காவின் இரண்டு அறை வீட்டில் நடந்தது. இடமில்லாமல் மூன்று பேர் குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மைரன் மட்டும் வரவில்லை. தண்ணீர்க் குழாய் உறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி, மின்ஹீட்டர் இரண்டை வைத்துக்கொண்டு அங்கேயே கோட்டோடு உட்கார்ந்திருந்தான். உண்மையில் யார் முகத்தையும் பார்க்க அவனுக்குத் தெம்பில்லை.

அந்த வெட்கம் ஒரு வாரத்தில் கோபமாகப் புளித்தது. புது உலை போடும் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்தான். தங்கச்சியைக் கூப்பிடவில்லையா என்று தேவாலய வாசலில் யாரோ கேட்டதற்கு, "அவளக் கூப்பிட்டா என் நெத்தியிலயும் ஒரு சீட்டு ஒட்டுவா," என்றானாம். கேட்டவர்கள் அதை ஸ்லாவ்காவிடம் கொண்டுவந்து சேர்த்தார்கள். "நெத்தி பெருசுதான், ஒட்டலாம்," என்றாள்.

அன்று மதியமே யாரும் அழைக்காமல் போய்க் கதவைத் தட்டினாள். லெஸ்யா திறந்தாள். கூடத்தில் மைரன் சோபாவில் சாய்ந்து ஹாக்கி பார்த்துக்கொண்டிருந்தான்; திரும்பவில்லை. ஸ்லாவ்கா கீழே போய் இருபது நிமிஷம் இருந்தாள். புது உலையில் குறை ஒன்றுமில்லை. மேலே வந்து கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். உலை காற்றை உள்ளிழுக்கும் சுவர்த் திறப்பைச் சோபாவின் முதுகு முழுசாக அடைத்துக்கொண்டிருந்தது. காற்று கிடைக்காத உலைதான் சூடேறி விரிசல் விடும்.

"எந்திரிண்ணே."

அவன் டிவியின் சத்தத்தைக் கூட்டினான்.

ஸ்லாவ்கா பையைக் கீழே வைத்தாள். சுவருக்கும் சோபாவுக்கும் நடுவே இடுப்பை நுழைத்து, இரு கைகளாலும் அதன் முதுகைப் பிடித்து, காலைச் சுவரில் ஊன்றி, அண்ணனையும் சேர்த்து இரண்டடி தூரம் தள்ளினாள்.