சந்தவாசல் மேட்டில் ஒரு சர்க்கார் வரப்பு

ஆரணிப் பக்கம் ஊரில் இருக்கும் நிலத்துக்கு வரப்பு மானியம், பண்ணைக்குட்டை மானியம் என்று அரசாங்கத்தில் ஏதோ தருகிறார்களாம், லீவு போட்டுவிட்டுப் போய்ப் பார்க்கலாமா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். போகலாம். ஆனால் ஒரே நாளில் முடித்துத் திரும்பிவிடலாம் என்று நினைத்துப் போகாதீர்கள். நான் அப்படி நினைத்துப் போனவன். பட்டுப் புடவை எடுக்க ஆரணிக்குப் போகிறவர்களுக்கு இந்தப் பதிவு உதவாது.

1983, மே மாதம். அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். சந்தவாசலுக்குப் பக்கத்தில் எங்களுக்கு நாலு ஏக்கர் மானாவாரி மேட்டு நிலம். அப்பா போன பிறகு மேல்பாதி அண்ணன் ஏழுமலைக்கு, கீழ்ப்பாதி எனக்கு என்று பிரித்துக்கொண்டோம். எனக்கும் கீழே குப்பம்மாள் என்ற விதவைப் பெண்ணின் நிலம். மழை பெய்தால் அண்ணன் நிலத்தின் வழியாக இறங்கும் தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு வந்து அவள் நிலத்தில் சரளையும் மணலுமாகக் கொட்டிவிடும். முந்தைய வருஷம் அவள் போட்ட வேர்க்கடலை முளைவிட்ட கையோடு மூடிப்போயிற்று.

அந்தச் சரிவு முழுவதற்கும் மண் பாதுகாப்புத் திட்டம் வந்தது. சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் வரப்புகள் போடுவார்கள். செலவில் பெரும்பகுதி மானியம், மீதியை நிலத்துக்காரர்கள் தவணையில் கட்டலாம். ஒரு நிபந்தனை உண்டு. சரிவில் நிலம் இருக்கிற எல்லோரும் சம்மதிக்க வேண்டும். நடுவில் ஒரு நிலத்தை விட்டுவிட்டுப் போட்டால், முதல் மழையிலேயே தண்ணீர் அந்த வழியாகப் பாய்ந்து மற்ற வரப்பையும் உடைத்துவிடும். என் சம்மதத்தை நான் தபாலிலேயே எழுதி அனுப்பியிருந்தேன். எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள், உங்கள் அண்ணன் மட்டும் மாட்டேன் என்கிறார் என்று குப்பம்மாள் யாரையோ பிடித்து எனக்குக் கடிதம் போட்டிருந்தாள். முதல் நாள் ஷிப்ட் முடித்த அலுப்போடு, காலை ஐந்து மணிக்குப் பாரிமுனையில் பஸ் ஏறினேன்.

காஞ்சிபுரம், செய்யாறு வழியாக ஆரணி, சுமார் நூற்று நாற்பது கிலோமீட்டர். டிக்கெட் பதினோரு ரூபாய் சொச்சம் என்று ஞாபகம். காஞ்சிபுரத்தில் பஸ் நின்ற இடத்தில் இட்லி சாப்பிட்டேன், ஆறிப்போயிருந்தது. அங்கிருந்து கிளம்பியதும் வெயில் இடது பக்க ஜன்னலில் ஏறிவிட்டது. ஆரணியில் இறங்கும்போது மணி ஒன்பதரை தாண்டியிருந்தது. அதற்குள்ளேயே வீடு திரும்பிப் படுத்துவிடலாம் என்றிருந்தது.

அண்ணன் நிலத்தை விட்டு ஆரணிக்குக் குடிவந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றும் பட்டறையில் வேலை. கொதிக்கும் தொட்டியில் நூலைக் கம்பில் கோத்து முக்கி, எடுத்து, முறுக்கிப் பிழிய வேண்டும். நான் போனபோது முழங்கை வரை அரக்குச் சிவப்பாக நின்றுகொண்டிருந்தான்.

“இன்னாடா, சொல்லாம கொள்ளாம வந்துகினு கீற?”

“வரப்பு விஷயமாத்தாண்ணா. நாளைக்கு ஓவர்சியர் வராராம். நீ ஒருத்தன் கையெழுத்துப் போட்டா வேலைய ஆரம்பிச்சுடுவாங்க.”

“அதெல்லாம் ஆவாது.”

“ஏண்ணா? மானியம் குடுக்கறாங்க. நம்ம கையில இருந்து பெருசா ஒண்ணும் போவாது.”

“துட்டுப் பேச்சு இல்லடா. என் நெலத்துல யாரும் மம்மட்டி வெக்கக் கூடாது. அவ்ளோதான். இந்தப் பேஜார்லாம் எனக்கு வாணாம். வூட்டுக்குப் போயி சாப்ட்டுட்டு ஜல்தியா கெளம்பு.”

திரும்பி நூலை முக்கினான். குப்பம்மாள் மேல் அவனுக்குக் கோபம் என்று எனக்குத் தெரியும். ‘நெலத்தைப் பாழா போட்டுட்டுப் போயிட்டான், என் வயித்துல மண்ணு வுழுது’ என்று அவள் ஊரில் சொன்னது இவன் காதுக்கு வந்து, பேச்சே நின்றுபோயிருந்தது. அந்த வீம்புதான் என்று நினைத்துக்கொண்டேன்.

பட்டறையிலிருந்து வீடு பத்து நிமிஷ நடை. இரண்டு பக்கமும் தறிச் சத்தம். அண்ணி சரசு சோறு போட்டாள். நான் புலம்பியதை முழுக்கக் கேட்டுவிட்டு, மோர் ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

“குப்பம்மா மேல இருக்கற கோவத்துல சொல்லல தம்பி அவரு. நம்ம செல்வி அங்கதான இருக்குது.”

எனக்குப் புரியவில்லை. செல்வி அவர்களுடைய ஒரே குழந்தை. நாலு வயதில், ஓர் ஐப்பசி மழையில், காய்ச்சலில் போய்விட்டது. நான் அப்போது பூனாவில் தொழிற்பயிற்சியில் இருந்தேன். தந்தி கிடைத்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இடுகாட்டில்தான் புதைத்திருப்பார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

“இடுகாட்டுக்குப் போவ ஓடையத் தாண்டணும். அன்னிக்கு இடுப்புக்கு மேல தண்ணி போய்கினு இருந்துச்சு. ஒரு பகல் பூரா பாத்தாங்க, வடியல. நம்ம மேட்டுலயே வெச்சிட்டாங்க. ஓவர்சியர் சுண்ணாம்புல கோடு போட்டாராம். இவரு தனியாப் போயி பாத்துட்டு வந்தாரு. கோடு நேரா அது மேலயே போவுதாம். வந்து ரெண்டு நாள் சாப்புடல.”

“நீங்க பாத்தீங்களா அண்ணி?”

“நானா? எடங்கூட எனக்குத் தெரியாது தம்பி. பொம்பளைங்க வரக்கூடாதுன்னு நிறுத்திட்டாங்க. அப்புறம் இங்க கூட்டியாந்துட்டாரு. கேட்டா எழுந்து வெளிய போயிடுவாரு.” பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்தவள் நின்றாள். “நாளைக்கு நீங்க போனீங்கன்னா நானும் வரேன்.”

சாயங்காலம் அண்ணன் வந்ததும் அதையே அவனிடமும் சொன்னாள். மறுநாள் காலை ஆறரை மணிக்கு நாங்கள் பஸ் நிலையத்தில் நின்றபோது, அவனும் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்து நின்றான்.

ஆரணியிலிருந்து சந்தவாசல் ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். அதற்கு அந்த டவுன் பஸ் ஒன்றேகால் மணி நேரம் எடுத்துக்கொண்டது. மூன்று பேரும் தனித்தனி சீட்டில் உட்கார்ந்தோம். இறங்கி மேட்டு நிலத்துக்கு இரண்டு கிலோமீட்டர் நடை, வழியில் நிழலே கிடையாது. அண்ணியின் செருப்பு வார் அறுந்துவிட, கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தாள்.

ஓவர்சியர் தேசூர்க்காரர், இளைஞர். குடை பிடித்துக்கொண்டு காத்திருந்தார். சற்றுத் தள்ளிக் குப்பம்மாள் நின்றிருந்தாள். அண்ணியைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். என்னிடம் மெதுவாக, “கொழந்த இங்க இருக்கறது எனக்குத் தெரியும்பா. அத நான் என் வாயால எப்டி எழுதச் சொல்றது?” என்றாள்.

“எங்க?” என்று அண்ணி கேட்டாள்.

அண்ணன் முன்னால் நடந்தான். மேல்பாதியின் வடக்கு ஓரத்தில் மூன்று கற்கள் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. சுண்ணாம்புக் கோடு அவற்றின் மேலேயே போனது. வரப்புக்கு மண் வெட்டி எடுக்கும் குழிகளுக்கும் கோட்டை ஒட்டி மேல்பக்கத்தில் அடையாளம் போட்டிருந்தார்கள். ஒன்று கற்களுக்கு ஒரு முழ தூரத்தில்.

அண்ணி கற்களைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. பிறகு எழுந்து கற்களுக்குக் கீழ்ப்பக்கம் போய்ப் பார்த்தாள். அங்கே மழைத் தண்ணீர் நிலத்தை ஆள் உயரத்துக்கு அறுத்துக்கொண்டு போயிருந்தது. கற்களிலிருந்து நாலைந்து எட்டு வைத்தால் பள்ளம்.

“இது அப்பவே இங்க இருந்துச்சா?”

“இல்லம்மா” என்றாள் குப்பம்மாள். “அப்போ அதோ, அந்தப் புளிய மரத்தாண்ட இருந்துச்சு. வருசா வருசம் மேல ஏறிகினே வருது.”

அண்ணி ஓவர்சியரிடம் போனாள். “ஏங்க, வரப்பு போட்டா இந்தப் பள்ளம் நிக்குமா?”

“நிக்கும்மா. தண்ணி இங்க வராம மறிச்சு, ஓரமா கல்லு கட்டி இறக்கி வுட்டுடுவோம்.”

“அப்ப போடுங்க.”

“சரசு!” என்றான் அண்ணன்.

அவள் அவன் பக்கம் திரும்பினாள். “மம்மட்டி படக்கூடாதுன்னு பாத்தீங்க. சரி. தண்ணி அறுத்துகினு வருதே, அதப் பாத்தீங்களா? அடுத்த மழைக்கு யாரு வந்து தடுக்கப் போறது? அஞ்சு வருசமா என்னை ஒரு தபா கூட்டியாந்து காட்டியிருந்தா நான் அன்னிக்கே சொல்லியிருப்பேன்.”

அண்ணன் சிவப்பேறிய கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டே நின்றான். அவன் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

நான் ஓவர்சியரைத் தனியாக அழைத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் குடையை மடக்கிவிட்டார். கொஞ்சம் யோசித்து, “கோட்டை மாத்த முடியாதுங்க. மட்டம் கெட்டுடும். ஆனா குழியை மாத்தலாம். இந்த இருபதடிக்குப் பக்கத்துல வெட்டாம, தூரத்துல இருந்து கூடையில மண்ணு கொண்டாந்து கொட்டிக்கலாம். அதுக்குத் தனிக் கூலி ஆவும். திட்டத்துல வராதுங்களே” என்றார்.

“கூலி எதுக்குங்க? நாங்க சொமக்கிறோம்” என்றாள் குப்பம்மாள். அண்ணன் அவளைப் பார்த்தான். பிறகு ஓவர்சியர் நீட்டிய, படிவம் செருகிய பலகையை வாங்கி, முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டான்.

ஒரு நாள் லீவில் வந்தவன் நாலு நாள் தங்கினேன். ஆட்கள் மற்ற இடத்தில் வெட்டிக்கொண்டிருக்க, அந்த இருபதடி எங்கள் பொறுப்பு. அண்ணன் புளிய மரத்தருகே வெட்டி அள்ளினான். நானும் குப்பம்மாளும் சுமந்தோம். மே மாத வெயிலில், லேத் ஓட்டிப் பழகிய உடம்புக்குக் மண் கூடையோடு மேடு ஏறுவது என்றால் என்ன என்று அன்று தெரிந்தது. முதல் நாள் அண்ணன் குப்பம்மாளிடம் பேசாமலேயே கூடையைத் தூக்கிவிட்டான். இரண்டாம் நாள் மத்தியானம், “போதும், கொஞ்ச நேரம் குந்து” என்றான். அவள் உட்காரவில்லை, ஆனால் முகம் தெளிந்தது.

அண்ணி மண் சுமக்கவில்லை. நாங்கள் கொண்டுவரும் ஒவ்வொரு கூடையையும் கோட்டருகே வாங்கிக்கொண்டாள். கட்டிகளைப் பொறுக்கி உடைத்து, மண்ணைக் கற்களைச் சுற்றிலும், பிறகு கற்களின் மேலும் தானே போட்டாள். கையாலேயே தட்டினாள். கொட்டிவிட்டுப் போகிறேன் என்று நான் சொன்னதற்கு, “குடுங்க தம்பி” என்று மட்டும் சொன்னாள்.

அந்த வருஷ மழைக்கு வரப்பு நின்றது. ஓரிடத்தில் கொஞ்சம் கரைந்தது, குப்பம்மாளே சரிசெய்துகொண்டாள். அவளுடைய வேர்க்கடலை தப்பியது. தை மாதம் ஒரு மூட்டையை ஆரணி வீட்டில் இறக்கிவிட்டுப் போனதாக அண்ணி எழுதியிருந்தாள். அண்ணன் நிலத்துக்குத் திரும்பவில்லை. சாயப் பட்டறையிலேயே இருந்தான். ஆனால் வருஷத்துக்கு ஒரு முறை, ஐப்பசியில், இருவரும் பஸ் ஏறிப் போய் வந்தார்கள். இதில் பெரிய வெற்றி என்று சொல்ல ஒன்றும் இல்லை. நிலம் அரிக்காமல் நின்றது, இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள். எனக்கு ஆறு மாதம் முதுகு வலித்தது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஆரணியில் தங்கி அதிகாலை பஸ்ஸில் கிளம்புங்கள், பத்து மணிக்கு மேல் அந்த மேட்டில் நிற்க முடியாது. தண்ணீர் எடுத்துப் போங்கள். வார் உறுதியான செருப்பாகப் பார்த்துப் போடுங்கள். மானியம் எவ்வளவு என்பதை அங்கே போய்க் கேட்டுக்கொள்ளுங்கள், வருஷத்துக்கு ஒன்று சொல்வார்கள். வரப்புக் கோடு போட்டதும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள், போட மாட்டேன் என்றும் சொல்லிவிடாதீர்கள். முதலில் கோட்டின் மேல் ஒரு முறை முழுக்க நடந்து பாருங்கள். நடக்கும்போது வீட்டில் இருக்கிறவர்களையும் கூட்டிப் போங்கள், பட்டாவில் பெயர் இல்லாதவர்களை முக்கியமாக.