அக்காவின் மூக்கும் என் முகமும்

நாங்கள் வேலை செய்யும் சென்ட் பட்டறையில் என் அக்காவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "மூக்கு வந்தாச்சா?", "மூக்குகிட்டக் கேளு" என்றுதான் முப்பது வருடமாகப் பேச்சு. அவளுக்கு அதில் பெருமை. பக்கத்து அறையில் பாட்டிலுக்கு மூடி போடும் நான் ‘மூக்கோட தங்கச்சி’. யாருக்குத்தான் எரிச்சல் வராது?

நாங்கள் செய்வது ஒரே ஒரு பூ சென்ட். குட்டைப் பாட்டில், வெள்ளை லேபிள், முதலாளியின் அப்பா காலத்திலிருந்து அதே வாசனை. போட்டுக்கொள்பவர்களைக் கேட்டால் மல்லிகை என்பார்கள். மல்லிகை மட்டும் இருந்தால் மதியத்துக்குள் பறந்துவிடும் என்பாள் அக்கா. மூடி திறந்ததும் முதலில் கூப்பிடுவது ஆரஞ்சுத் தோல் எண்ணெய். கால்மணி நேரத்தில் அது சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். பிறகுதான் மல்லிகையும் ரோஜாவும். இரண்டையும் கீழே இருந்து பிடித்து வைத்திருப்பது சந்தனமும் ஐரிஸ் என்ற பூச்செடியின் கிழங்கும். அந்தக் கிழங்கைத் தோண்டி எடுத்து வருடக்கணக்கில் காயவைத்த பிறகுதான் அதில் வாசனையே வரும்.

"அத்தனை வருஷம் எங்கக்கா ஒளிஞ்சிருந்துச்சு அந்த வாசனை?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அதைக் கிழங்குகிட்டப் போய்க் கேளு" என்றாள்.

எதைக் கேட்டாலும் இப்படித்தான் பதில் வரும். மெல்லிய காகிதப் பட்டையைச் சென்ட்டில் தோய்த்து, நேரம் எழுதி, கிளிப்பில் தொங்கவிடுவாள். உடனே ஒரு தடவை, பத்து நிமிடம் கழித்து, ஒரு மணி நேரம் கழித்து, மறுநாள் காலையில் என்று நான்கு முறை மோந்து பார்ப்பாள். ஒரு பட்டைக்கும் அடுத்த பட்டைக்கும் நடுவே கையை மடக்கித் தன் முழங்கை மடிப்பை மோந்துகொள்வாள். சொந்தத் தோலின் வாசனை மூக்கைக் கழுவிவிடுமாம். அவள் பட்டையை வேறு யாரும் தொடக்கூடாது, நான் உட்பட.

அப்படிப்பட்டவள், மழைக்காலத்தில் இரண்டு வாரம் காய்ச்சலில் கிடந்துவிட்டுத் திரும்பி வந்த அன்று என்னைக் கூப்பிட்டாள்.

"இந்தா, இதைக் கொஞ்சம் மோந்து பாருடி."

எனக்குத் தலைகால் புரியவில்லை. நாற்பத்தாறு வயதில் ஒருவழியாக மரியாதை! அன்று முதல் எது வந்தாலும் முதலில் எனக்குத்தான். மல்லிகைச் சாறு என்றால் நான் மூக்கைச் சுளிப்பேன். முதல் வீச்சில் பழைய பெட்டிக்குள் போட்ட பாச்சை உருண்டைதான் அடிக்கும். கொஞ்சம் பொறுத்தால்தான் பூ வரும். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு தானும் மோந்துவிட்டு, "சரியா இருக்கு" என்பாள்.

ஒரு மாதம் நான் மிதந்தேன். பிறகுதான் உறைத்தது, அவள் முழங்கையை மோந்து பார்ப்பதே இல்லை. ஏன் என்று கேட்கவும் தயக்கம். ஒரு சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். தெருமுனையிலேயே கருகல் வாசனை. உள்ளே பால் பொங்கி, வற்றி, பாத்திரம் அடிப்பிடித்துக்கொண்டிருக்க, இரண்டடி தள்ளி உட்கார்ந்து அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். மறுநாள் ஒரு பட்டையை வெறும் தண்ணீரில் நனைத்து, நானே மோந்து, முகத்தை மலர்த்திக்கொண்டு நீட்டினேன். அவள் கண்ணை மூடவில்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

"நல்லா இருக்கு" என்றாள்.

"வெறும் தண்ணிக்கா அது."

அவள் பட்டையைக் கீழே வைத்தாள். "காய்ச்சலோட போயிடுச்சுடி. டாக்டர் வரும்ங்கறார், வராமலும் போகலாம்ங்கறார்."

"அப்ப இத்தனை நாள் நீ..."

"உன் மூஞ்சியத்தான் பார்த்தேன். சின்ன வயசுலேர்ந்தே அதுல எதையும் மறைக்கத் தெரியாது உனக்கு."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மரியாதை என்று நினைத்தேனே! ஆனால் அந்தத் தண்ணீர்ப் பட்டையையும் எடுத்து அவள் நேரம் எழுதுவதைப் பார்த்ததும் என்னால் திட்ட முடியவில்லை. இந்த வேலை போனால் அவளிடம் அவளாக என்ன மிச்சம்?

சோதனை அந்த வாரமே வந்தது. முதலாளி புது இடத்திலிருந்து மல்லிகைச் சாறு வரவழைத்திருந்தார். இனி வருடம் முழுக்க அதுதான் என்று ஏற்பாடு. அக்கா தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி. பட்டையைத் தோய்த்து அவரே நீட்டினார்.

"முதல்ல தங்கச்சி பார்க்கட்டும்" என்றாள் அக்கா.

நான் மோந்தேன். அப்படி ஒரு மல்லிகையை நான் கண்டதில்லை. சுத்தம், இனிப்பு, குளிர்ச்சி. நடிக்கத் தேவையே இல்லை, என் முகம் தானாக மலர்ந்தது. தப்பித்தோம் என்று நினைத்தேன்.

அக்கா பட்டையை வாங்கி மேஜையில் வைத்தாள். "இது வேணாம்."

நான் கண்ணால் கெஞ்சினேன். அவள் கண்டுகொள்ளவில்லை.

"ஏன்? உங்க தங்கச்சி முகத்தைப் பாருங்க, சொக்கிப் போய் நிக்கறாங்க!" என்றார் முதலாளி.

"அதனாலதான் வேணாம்ங்கறேன். நல்ல மல்லிகைக்கு அவ முதல்ல மூஞ்சியச் சுளிப்பா, அப்புறம்தான் மூஞ்சி தெளியும். அந்த நாத்தமும் பூவோடதுதான், அதுதான் உயிரு. அதை எடுத்துட்டு அனுப்பியிருக்காங்க." ஒரு மூச்சு விட்டாள். "இன்னொண்ணும் சொல்லிடறேன். எனக்கு மூக்கு போயிடுச்சு, முதலாளி. ஒரு மாசத்துக்கு மேலா இவ மூஞ்சிதான் என் மூக்கு."

முதலாளி புதுச் சாற்றைக் கையில் எடுத்தார். அதைப் போட்டு ஒரு சின்ன பாட்டில் சென்ட் கலக்கச் சொன்னார். பட்டையைத் தோய்த்து, நேரம் எழுதி, தன் அறையிலேயே தொங்கவிட்டுப் பூட்டிக்கொண்டு போனார். அன்று நான் மூடி போட்ட பாட்டிலில் பாதி கோணல்.

காலையில் அவர் பட்டையோடு வந்தார். மோந்து பார்த்தேன். குளித்து முடித்த குளியலறை வாசனை. சோப்பு, வெறும் சோப்பு.

"சரக்கைத் திருப்பி அனுப்பியாச்சு" என்றார். பிறகு என் அறைக்குப் போய், நான் உட்காரும் ஸ்டூலைத் தூக்கி வந்து அக்காவின் ஸ்டூலுக்குப் பக்கத்தில் போட்டார்.

நான் உட்கார்ந்தேன். பழைய இடத்து மல்லிகைச் சாறு மேஜையில் இருந்தது. ஆவலோடு பட்டையை எடுக்கப் போனேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். என் கையை மடக்கி, முழங்கையை என் மூக்கருகே கொண்டுவந்து வைத்தாள்.

"முதல்ல இதை மோந்துக்கோ" என்றாள். "உன் மூஞ்சியப் பார்க்க நானும் ரெடியாகணும்ல."