ஒயர்மேன் அண்ணனின் நூறு வாட்ஸ் பல்பு

என் மேஜை இழுப்பறையில் ஒரு நூறு வாட்ஸ் குண்டு பல்பு கிடக்கிறது. கறுத்துப்போன ஹோல்டர், அதிலிருந்து தொங்கும் இரண்டு ஒயர்கள், நுனியில் பல்லால் உரித்த செம்பு. கரண்ட் ஒழுங்காக வருகிறதா என்று பார்க்க ஒயர்மேன்கள் வைத்திருக்கும் சோதனை விளக்கு. இது என்னுடையது அல்ல. போன வாரம், நான் முன்பு வேலை பார்த்த அறக்கட்டளையிலிருந்து போன் வந்தது. பழைய கண் பரிசோதனை டிரெய்லருக்குப் பெயின்ட் அடித்து, ஆர்.எஸ்.புரம் அலுவலக வாசலில் காட்சிக்கு வைக்கப்போகிறார்களாம். "விழா மலருக்கு இனிமையா ஒரு நினைவு எழுதிக் குடுங்க மேடம்" என்றார்கள். அந்த டிரெய்லரை நினைத்தால் எனக்கு இனிமை வருவதில்லை, வயிற்றெரிச்சல்தான் வருகிறது.

வெளிநாட்டில் யாரோ குடும்பத்தோடு ஊர் சுற்றிய டிரெய்லர் அது. நன்கொடையாக வந்ததும் கட்டிலைக் கழற்றிவிட்டுப் பரிசோதனை அறையாக்கினார்கள். ஜீப்பில் கட்டி ஊர் ஊராக இழுத்துப் போவோம். உள்ளே பார்வை அளப்பது என் வேலை. விளக்கு, கருவி எல்லாம் பேட்டரியின் பன்னிரண்டு வோல்ட்டில் ஓடும். வெளியிலிருந்து எடுக்கும் வீட்டுக் கரண்டைப் பன்னிரண்டாக மாற்றி பேட்டரிக்கும் ஏற்றுவதற்கு, பெஞ்சுக்கு அடியில் ஒரு கன்வெர்ட்டர் பெட்டி உறுமிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துக்கொள்ளத்தான் ஒயர்மேன் அண்ணன் இருந்தார். ஒல்லியான மனிதர். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

தொண்டாமுத்தூரில் ஒரு தென்னந்தோப்பில் மாதாமாதம் முகாம். தோட்டத்துக்காரர் இடமும் கொடுத்து, எல்லோருக்கும் சாப்பாடும் போடுவார். அங்கே போனால் மட்டும் ஒரு மணி நேரத்தில் விளக்கு மங்கும், கருவி அணையும், வரிசையில் நிற்கும் பெரியவர்கள் கண்ணைக் காட்டாமலே திரும்பிப் போவார்கள். அண்ணன் பேட்டரியை மாற்றிப் பார்த்தார், பியூஸைப் பார்த்தார், முனைகளைச் சுரண்டினார், பெட்டியைப் பிரித்துப் பூட்டினார். ஆர்.எஸ்.புரத்தில் நாள் முழுக்க ஓடும் பெட்டி தோப்பில் படுத்துவிடும். கடைசியில் அவர் சொன்னார்: "ஊட்டுல நல்லா இருந்துட்டுத் தோட்டத்துக்கு வந்தா மட்டும் படுத்துக்குதுங்க அம்மணி. அப்ப சீக்கு பொட்டீல இல்லீங்க."

சீக்கு தோட்டத்து லைனில் இருந்தது. மோட்டார் ரூமுக்கு வரும் லைனில், கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயர் கிடையாது. ஒரு ஒயரை லைனிலிருந்து எடுத்து, மற்றதை மண்ணில் அடித்த கம்பியில் கட்டிவிடுவார்கள். காய்ந்த மண் வழியாகக் கரண்ட் பாதிதான் திரும்பும். ஒரு சின்ன பல்பு மினுங்க அது போதும். கன்வெர்ட்டருக்கு எப்படிப் போதும்? தோட்டத்துக்காரரிடம் இதை நேராகச் சொல்ல அண்ணனுக்கே வாய் வரவில்லை. "கம்பிக்கு ஒரு கொடம் தண்ணி ஊத்துனா நல்லா இருக்குமுங்க" என்றுதான் சொன்னார். சாப்பாடு போடுகிறவரிடம் உங்கள் லைன் சரியில்லை என்று சொல்வது எங்கள் பக்கத்தில் இலையை மடித்து அவர் முகத்தில் எறிவதற்குச் சமம்.

திரும்பிப் போனவர்களின் புகார் முற்றியதும் அறக்கட்டளை மேலாளர் புது டிஜிட்டல் மீட்டரோடு தோப்புக்கே வந்தார். எதையும் ஓடவிடாமல் பிளக்கில் மீட்டரை வைத்தார். இருநூற்று இருபது காட்டியது. "கரண்ட் கரெக்டா வருதுங்களே, பொட்டியைப் பிரிச்சுக் கெடுத்துப்போட்டீங்க" என்றார். அண்ணன் இந்தப் பல்பை அதே பிளக்கில் சொருகினார். இழை மட்டும் சிவந்து கிடந்தது. பிறகு மண்ணில் இருந்த கம்பியில் ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்தார். எங்கள் கண் முன்னாலேயே பல்பு பிரகாசமானது. "சும்மா பாத்தா மீட்டர் நெறையக் காட்டுமுங்க. சுமை ஏத்துனாத்தான் தெரியும்" என்றார். மேலாளருக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அதை எழுதினால், விவசாயத்துக்குத் தந்த இலவசக் கரண்டில் முகாம் நடத்தியதையும் எழுத வேண்டும். தோட்டத்துக்காரருக்குச் சிக்கல் வரும், மனசு கோணும். அதனால் அறிக்கையில் 'ஒயர்மேனின் தவறான பழுதுபார்ப்பு' என்று எழுதினார்கள். மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. "கொஞ்ச நாளைக்கு ஊட்டுல ரெஸ்ட் எடுங்க" என்று, 'ங்க' போட்டே ஒரு மனிதரின் பிழைப்பைப் பறித்தார்கள். அந்த 'கொஞ்ச நாள்' முடியவே இல்லை.

புதுக் கன்வெர்ட்டர் வாங்கினார்கள். இரண்டாவது முகாமிலேயே அதுவும் கருகியது. பிறகு ஓசைப்படாமல் முகாமைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள், எல்லாம் ஒழுங்காக ஓடியது. ஒயர்மேன் அண்ணனை மட்டும் யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. டிரெய்லரில் கிடந்த பல்பைக் கொடுத்துவிடலாம் என்று நான் எடுத்து வந்தேன். கொண்டுபோய்க் கொடுக்க முகம் இல்லை.

போன மாதம் சரவணம்பட்டியில் ஒரு மோட்டார் காயில் கட்டும் கடை வாசலில் அவரைப் பார்த்தேன். முடி நரைத்திருந்தது. "ஏனுங்க அம்மணி, நல்லா இருக்கீங்களா?" என்றார். அடுத்து கேட்டது: "அந்தப் பொட்டி இப்ப ஓடுதுங்களா? எனக்கு அது மனசுலயே கெடக்குதுங்க. நாந்தான் எங்கியோ தப்புப் பண்ணிப்போட்டனோன்னு." நான் "ஓடுதுங்கண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். குடத்துத் தண்ணீரில் அந்தப் பல்பு பிரகாசமானதைக் கண்ணால் பார்த்தவள் நான். அந்த மனிதரையே சந்தேகப்பட வைத்துவிட்டோம்.

மலருக்கு நான் கொடுப்பது இந்த நினைவுதான். போடாவிட்டால் போகட்டும். இன்று காலை பல்பைத் துடைத்து வீட்டு பிளக்கில் சொருகினேன். பளிச்சென்று எரிகிறது. நாளைக்கு அதையும் இந்தக் காகிதத்தின் ஒரு நகலையும் எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போகப்போகிறேன். அண்ணனுக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த அறிக்கையின் அடியில், சாட்சி என்ற இடத்தில் இருப்பது என் கையெழுத்து.