சுண்டு விரலால் தூக்கலாம்

என் வீட்டுக்காரரை எல்லோரும் மடக்கு மாஸ்டர் என்பார்கள். சுவரோடு மடிந்து நிற்கும் கட்டில், இழுத்தால் மேசையாகும் அலமாரி, வயிற்றுக்குள் துணிமணி வைத்துக்கொள்ளும் சோபா, எல்லாம் அவர் கைவேலை. அதற்கு முன்பு ஒரு சினிமா தியேட்டரில் மடக்கு நாற்காலிகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். தியேட்டரை இடித்து ஆறு மாடி எழுப்பினார்கள், ஒவ்வொரு வீடும் தீப்பெட்டி அளவு. அதே வீடுகளுக்குக் கட்டில் மாட்டப் போனார். வீடு சுருங்கச் சுருங்க எங்கள் பிழைப்பு விரிந்தது. இப்போது மூன்று மாதம் காத்திருந்து வாங்குகிறார்கள். கட்டிலை மடக்கத் தெரிந்த மனுஷனுக்கு என்னைப் பேச்சில் மடக்கத் தெரியாது, அது என் அதிர்ஷ்டம்.

ஃபோன் எடுப்பது என் வேலை. அதில் நானே போட்டுக்கொண்ட சட்டம் ஒன்று உண்டு. புகார் வந்தால் உடனே சொல்வேன். பாராட்டு வந்தால் மத்தியானம் அவர் சாப்பிட்டு முடித்த பிறகுதான். காலையிலேயே பாராட்டைக் காதில் போட்டால் மனுஷனுக்குக் கால் தரையில் நிற்காது, அளவெல்லாம் தப்பிப்போகும். பதினோரு வருஷமாக இந்தச் சட்டத்தால் ஒரு கெடுதலும் வந்ததில்லை.

அன்றைக்குப் பத்தே காலுக்கு அந்த நர்ஸ் பெண் கூப்பிட்டாள். போன மாதம் அவள் அப்பாவுக்காகச் சுவர்க் கட்டில் மாட்டியிருந்தோம்.

"அக்கா, மெத்தையை மாத்தினா ஃபோன் பண்ணுங்கன்னு கட்டில் பலகையில எழுதி ஒட்டியிருக்கே, அதான் டியூட்டிக்குப் போறதுக்கு முன்னாடி பண்றேன். பழசு அப்பாவுக்கு ரொம்ப உஷ்ணமா இருக்காம். மெல்லிசா ஒண்ணு வாங்கிப் போட்டோம். கட்டில் இப்ப அவ்வளவு லேசா இருக்கு, சுண்டு விரலால தூக்கலாம். கையை எடுத்தா தானாவே மேல போகுது. அண்ணன் கைராசியே கைராசி."

எனக்கு வாயெல்லாம் பல். மத்தியானம் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். அவர் கடைசிக் கவளத்தை எடுக்கும்போதுதான் சொன்னேன். கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"தானா மேல போகுதுன்னா சொன்னாங்க?"

"ஆமா. சுண்டு விரலால தூக்கலாமாம்."

"அடிப்பாவி" என்று எழுந்தார். கை கழுவவில்லை.

வண்டியில் போகும்போதுதான் எனக்கு விளங்க வைத்தார். பழைய மெத்தை இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய கனம். அந்தக் கனத்துக்குத்தான் ஸ்பிரிங் போட்டிருந்தார். கனம் போய்விட்டது, ஸ்பிரிங் அப்படியே இருக்கிறது. இப்போது அந்தக் கட்டிலைக் கீழே பிடித்து வைத்திருப்பது அதில் படுத்திருக்கும் உடம்பு மட்டும்தான். அந்தப் பெரியவரோ ஊதினால் பறக்கிற உடம்பு. காலில் ஆபரேஷன் ஆனவர். மகள் வேலைக்குப் போன பிறகு வீட்டில் தனியாகத்தான் இருப்பார். பகலில் சாப்பிட்டதும் படுப்பார். எழுந்திருக்கிறேன் என்று தலைமாட்டுப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தால் போதும், கால்மாடு கிளம்பி அவரையும் சேர்த்துச் சுவருக்குள் மடித்துவிடும்.

நர்ஸ் பெண்ணின் ஃபோன் அணைந்திருந்தது. வேலை நேரத்தில் வைத்துக்கொள்ள விட மாட்டார்கள். பெரியவர் நம்பரும் என்னிடம் இருந்தது. அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன், பிறகு இன்னொரு தடவை. சிக்னலில் வண்டி நின்றபோது என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"யாருக்கு அடிக்கிறே?"

"பெரியவருக்குத்தான். எந்திரிச்சு நாற்காலியில உக்காரச் சொல்ல."

"அடிக்காதே" என்றார். குரலே மாறிவிட்டது. "எந்திரிச்சாத்தானே ஆபத்து."

ஃபோன் என் கையில் நெருப்பாகச் சுட்டது.

மூன்றாம் மாடி. அழைப்பு மணி மேல் போன என் கையை அவர் தட்டிவிட்டார். எதிர் வீட்டுத் தையல்காரம்மாவிடம் ஒரு சாவி இருப்பது அவருக்குத் தெரியும், கட்டில் மாட்டிய நாளில் அங்கேதான் வாங்கியிருந்தார். அந்தம்மா வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டு, பட்டன் டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். சிவப்பு டப்பா, நீல டப்பா, மூடி உடைந்த டப்பா. எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. நாலாவது டப்பாவில் சாவி இருந்தது.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். பெரியவர் படுத்திருக்கவில்லை. தலைமாட்டில் சுவரோரமாக உட்கார்ந்து, ஒரு காலைக் கீழே தொங்கவிட்டு, ஊன்றுகோலைத் துழாவிக்கொண்டிருந்தார். கால்மாடு தரையிலிருந்து ஒரு சாண் எழும்பியிருந்தது.

"யாரது?"

"ஐயா, அசையாதீங்க" என்றார் இவர்.

பெரியவருக்குக் காது மந்தம். "என்ன?" என்று இன்னும் கொஞ்சம் பின்னால் சாய்ந்தார். கட்டில் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் கால்மாட்டின் மேல் குப்புற விழுந்தார். அந்தத் தொப்பையை நான் எத்தனை வருஷமாகக் கரித்துக்கொட்டியிருக்கிறேன். கட்டில் தடாலென்று தரையில் இறங்கியது. பெரியவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தேன். குழந்தைக் கனம்தான் இருந்தார்.

என் வீட்டுக்காரரால் எழுந்திருக்க முடியவில்லை, எழுந்தால் கட்டில் கிளம்பும். பால்கனியில் சாத்தியிருந்த பழைய மெத்தையை நானும் தையல்காரம்மாவும் இழுத்து வந்து போட்ட பிறகுதான் இறங்கினார்.

பெரியவர் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார். "ஃபோன் சமையல்கட்டுல கிடக்குது. எனக்கும் கேக்கிற மாதிரி சத்தமா மூணு தடவை அடிச்சுது. ரெண்டு தடவை கண்டுக்காம படுத்திருந்தேன். யாருக்கோ என்னமோ அவசரம் போலன்னு மூணாவதுக்குத்தான் எந்திரிக்கப் பார்த்தேன், இந்தக் காலோட உக்காரவே இவ்வளவு நேரமாச்சு. யாருன்னுதான் தெரியல."

இடுப்பில் செருகியிருந்த ஃபோனை முந்தானையால் மூடிக்கொண்டேன்.

"ராங் நம்பரா இருக்கும்யா" என்றார் என் வீட்டுக்காரர்.

படியில் இறங்கும்போது கேட்டார். "அந்தப் பொண்ணு எத்தனை மணிக்குக் கூப்பிட்டுது?"

"பத்தே கால்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதேன். அவர் பக்கத்தில் நின்று, காய்ந்துபோன எச்சில் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார். சாயங்காலமே போய் ஸ்பிரிங்கை மாற்றினார். அவள் அப்பாவுக்கு ஃபோன் அடித்தது யாரென்று நர்ஸ் பெண்ணிடம் நானே சொன்னேன்.

மறுநாள் காலை வேறொரு வீட்டிலிருந்து ஃபோன். அவர் ஏணியில் நிற்பார் என்று தெரிந்தும் உடனே கூப்பிட்டேன்.

"போன வாரம் மாட்டின வீட்டுக்காரங்க. கட்டில் பிரமாதமாம்."

"பிரமாதம்னு நீ சொல்றியா, அவங்க சொன்னாங்களா? சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லு."

"நல்லா இருக்காம். தூக்கும்போது மட்டும் கொஞ்சம் கனமா இருக்காம்."

"கனமா?" என்று இன்னொரு தடவை கேட்டுக்கொண்டார். "அப்ப சரி."

எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.