வில்லோவுக்குப் போட்ட எரு

மூடிப்போன பேட்டரி ஆலைக்குப் பின்னால் இருந்த ஊழியர் குடியிருப்பில் கடைசியாக மிஞ்சியவர் அவர்தான். பக்கத்து வீடுகளில் ஜன்னல்களைக்கூடக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நாங்கள் அவரை மரத்துக்காரர் என்போம். மண் சோதனைக்காக ஆண்டுக்கு ஒருமுறை போகும் எனக்கென்றே ஒரு தம்ளர் வாங்கி வைத்திருந்தார். அந்த வீட்டில் அதற்கு வேறு உபயோகமே கிடையாது.

ஆலை விட்டுச்சென்ற மண்ணில் காட்மியம் என்ற உலோகம் ஊறிக் கிடந்தது. கிரிக்கெட் மட்டை செய்வார்களே, அந்த வில்லோ மரம் அதை வேரால் உறிஞ்சி மேலே ஏற்றிவிடும் என்பதால், மண்ணைச் சுத்தமாக்க அதை அங்கே நட்டிருந்தார்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கிளைகளை வெட்டி, புகையை வடிகட்டும் உலையில் எரிப்பார்கள். ஆலையில் தோட்டவேலை பார்த்த அவரையே மரங்களுக்கும் காவல் வைத்தார்கள்.

அவருக்குச் சம்பளம் வெறும் சாக்குதான். மகளும் பேத்தியும் முன்பு அவரோடு இருந்தார்கள். இரண்டு வயதுக் குழந்தையின் ரத்தத்தில் அந்த உலோகம் தெரிந்த அன்றே மகள் பெட்டியைக் கட்டிவிட்டாள். மண் சுத்தமானால் திரும்பி வருவதாகச் சொல்லியிருந்தாள். இவர் இரண்டு முறை போய்ப் பார்த்தார். இரண்டாம் முறை, மறந்துவிட்ட குடையை எடுக்கத் திரும்பிப் போனபோது, இவர் உட்கார்ந்திருந்த நாற்காலியை மகள் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு போகவில்லை. தனிமை தாங்காமல் மரங்களோடு பேச ஆரம்பித்தார். "என்னப்பா, சாப்பாடு இறங்கலயா?" என்று அவற்றை விசாரிப்பதை நானே கேட்டிருக்கிறேன்.

ஏழாம் ஆண்டு முடிவு என் கைக்கு வந்தது. ஆழத்து மண் வெகுவாகத் தேறியிருந்தது. மேல்மண் மட்டும் இம்மியும் அசையவில்லை. கருவியைத் திட்டிக்கொண்டே மறுபடி மண்ணெடுக்கப் போனேன். வழக்கமாகப் போகும் மாதம் அல்ல அது, இலையுதிரும் சமயம். ஒவ்வொரு மரத்தடியிலும் சருகு மெத்தைபோலக் குவிந்திருந்தது.

"இத யாரு போட்டது?"

"நான்தான் சார். வருஷா வருஷம் அள்ளி அடியிலயே போட்டுடுவேன். மரத்துக்கு இதவிட நல்ல எரு ஏது?"

உறிஞ்சியதில் பெரும்பங்கு இலைக்குத்தான் போகும். இலையையும் வாரி உலைக்கு அனுப்பவேண்டும் என்று திட்டத்தாளில் இருந்தது. அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. நானும்தான். என்மேலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் சொல்லி முடித்ததும் அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "அப்போ ஏழு வருஷமா மரம் எடுத்தத நான் திரும்பப் போட்டுக்கிட்டே இருந்திருக்கேன்."

உடனே மகளுக்கு போன் போட்டார். காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"மிஷின் கோளாறுன்னு சொல்லிடுங்க," என்றேன். தலையாட்டி மறுத்தார்.

"அம்மாடி, மண்ணு இன்னும் சுத்தமாகல. தப்பு என்னோடதுதான், இலைய வாராம விட்டுட்டேன். இன்னும் அஞ்சாறு வருஷம் ஆகும்போல. பாப்பாகிட்ட நீதான் எடுத்துச் சொல்லணும்..." குரல் உடைந்துவிட்டது.

"ஐயோ, அதுக்கா அழறீங்க? விடுங்கப்பா." மகள் அன்பாகத்தான் சொன்னாள். "அவ இப்பல்லாம் உங்களப் பத்திக் கேக்கறதே இல்ல."

"அப்படியா?" என்றார். "நல்லதாப் போச்சும்மா."