சம்பந்தியம்மாளை வழியனுப்பப் போனேன்

எடை குறைப்பதற்காக நான் ஆபரேஷன் செய்துகொண்டது தொண்ணூறுகளின் கடைசியில். கோயம்புத்தூரில் அப்படி ஒரு வைத்தியம் நடக்கிறது என்பதே அன்றைக்குப் பாதிப் பேருக்குத் தெரியாது. இரைப்பையின் மேல்பகுதியில் வரிசையாக ஸ்டேப்ளர் பின் அடித்து, ஒரு சின்னக் கிண்ணம் அளவுக்கு மட்டும் இடம் விடுவார்கள். இப்போதுபோலச் சின்னத் துளை போட்டுச் செய்கிற வேலை இல்லை. நெஞ்சுக்குக் கீழே தொடங்கித் தொப்புள்வரை கிழித்துத்தான் செய்தார்கள்.

நான் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். ஒரு பீரியட் முழுக்க நின்று பாடம் நடத்த முடியாமல் முழங்கால் இரண்டும் கைவிட்டுவிட்டன. கொள்ளு ரசம், தேனும் எலுமிச்சையும், விடியற்காலை நடை, வாரம் ஒருநாள் பட்டினி என்று எல்லாம் பார்த்தாயிற்று. பட்டினி இருந்த மறுநாள் இரண்டு பங்கு சாப்பிட்டதுதான் மிச்சம். ஆபரேஷன் என்று நான் முடிவெடுத்ததும் தாராபுரத்திலிருந்து என் அக்கா போன் செய்தாள்.

"வாயைக் கட்டத் தெரியாம வயித்தைக் கட்டறியாமா?" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் போனைப் பட்டென்று வைத்துவிட்டேன்.

ஆனால் ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் மனசில் உட்கார்ந்துகொண்டது அக்காவின் பேச்சுதான். குடல்வால் வீங்கியோ கர்ப்பப்பையில் கட்டி வந்தோ படுத்தால் ஊரே ஐயோ பாவம் என்னும். இது நானாகப் போய்ப் படுத்த படுக்கை. ஏதாவது ஆகிவிட்டால் பாவம் என்று சொல்ல ஒரு நாதி இருக்காது.

கவலைகளுக்குக் குறைவே இல்லை. தும்மினால் தையல் பிரிந்துவிடுமா? இருமினால் உள்ளே அடித்த பின் கழன்றுவிடுமா? வயிற்றில் வெட்டியதற்குத் தோள்பட்டை ஏன் வலிக்கிறது? சாப்பாட்டு ராமியான எனக்குப் பசி என்பதே இல்லாமல் போனது நல்லதுக்கா கெட்டதுக்கா? பாலக்காட்டுப் பக்கத்து நர்ஸ் ஒருத்தி, அலுக்காமல் பதில் சொல்வாள். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமச் சொல்லிக் கொடுத்தாள். அதன்பின் அந்தத் தலையணையை நான் கீழே வைக்கவேயில்லை.

எல்லாவற்றையும்விடத் தாகம்தான் கொடுமை. மூக்கில் டியூப், கையில் டிரிப்ஸ், உதட்டில் அவ்வப்போது ஈரப் பஞ்சு. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகக் கூடாது. வயிற்றைத் திறந்து மூடினால் குடல் அசையாமல் தூங்கிவிடுமாம். அது விழித்துக்கொண்டதற்கு அடையாளம், கீழே காற்றுப் பிரிவது. அது நடந்தால்தான் தண்ணீர்.

ஆகவே வருகிறவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். எங்கள் பக்கத்து மரியாதையைப் பற்றித்தான் தெரியுமே. டாக்டர் கேட்டார், "காத்துப் பிரிஞ்சுதுங்களா?" தரை துடைக்கிற அம்மா துடைப்பத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார். பக்கத்து அறை நோயாளியின் மாமனார் கதவோரம் நின்று, "நம்ம டீச்சருக்கு ஆச்சுங்களா?" என்று என் வீட்டுக்காரரிடம் விசாரித்துவிட்டுப் போனார். பள்ளியிலிருந்து வந்த தமிழ் டீச்சர் மட்டும் என் காதருகே குனிந்து, "வாயு பிரிந்ததா?" என்று இலக்கணச் சுத்தமாகக் கேட்டாள். வகுப்பில் இந்த மாதிரிச் சத்தம் கேட்டு யாராவது சிரித்தால் மொத்த வகுப்பையும் எழுந்து நிற்கவைக்கிறவள் நான். மானம் கப்பலேறிவிட்டது.

நர்ஸுக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். வராந்தாவில் நடக்க வேண்டும். தினமும் கெஞ்சுவாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம்வரை போய் வந்து, அதையே நடை என்று சாதிப்பேன். உண்மையில் எனக்குப் பயம். நான்கு எட்டு வைத்தால் தையல் வாய்பிளந்து குடல் கையில் வந்துவிடும் என்றே நம்பினேன்.

பிறகு ஒரு காலை டாக்டர் வந்தார். வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார். வழக்கமான சிரிப்பு இல்லை. சாயங்காலம்வரை பார்ப்போம், அப்புறம் எக்ஸ்ரே எடுத்து, தேவைப்பட்டால் மறுபடியும் திறந்து பார்க்க வேண்டியிருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் வீட்டுக்காரர் மோட்டார் பம்ப் கம்பெனியில் சூப்பர்வைசர். எந்த மோட்டார் ஏன் ஓடவில்லை என்று ஒரு மணி நேரம் பேசுவார். வீட்டில் எண்ணித்தான் பேசுவார். அன்றைக்குப் பேப்பரை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தார். எனக்கோ உயிரே கையில் இல்லை. தை மாதம் மகளுக்குக் கல்யாணம், நிச்சயம் முடிந்துவிட்டது. இத்தனை வருஷம் காத்திருந்து, சும்மா இருந்த வயிற்றில் கத்தியை வைத்து, அவளை மணவறையில் பார்க்காமலே போய்விடுவேனோ என்று நினைத்து நினைத்து அழுதேன். அழுதாலும் வயிறு வலித்தது.

மத்தியானத்துக்கு மேல் கோபிச்செட்டிபாளையத்திலிருந்து சம்பந்தி வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும். சொட்டுத் தண்ணீருக்கு வழியில்லாதவளைப் பார்க்க ஒரு வாழைத்தாரையே தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். சம்பந்தியம்மாளும் என்னைப்போல ஆகிருதியான ஆள்தான். நாற்காலியில் பத்திரமாக உட்கார்ந்து, ஆண்கள் இருவரும் ஜன்னல் பக்கம் போகும்வரை காத்திருந்து, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க சம்பந்தி, காத்துப் பிரிஞ்சுதுங்களா?"

மகளைக் கட்டிக்கொடுக்கப் போகிற இடம். இன்னும் இல்லீங்க என்றேன். ஊரில் இன்னும் மழை இல்லை என்று நான் சொன்ன மாதிரி, அவர் கவலையோடு தலையாட்டினார்.

கொஞ்ச நேரத்தில் போய்ட்டு வாரமுங்க என்று எழுந்தார்கள். இங்கேதான் எனக்குப் புத்தி மாறியது. மாப்பிள்ளை வீட்டார் கிளம்பும்போது பெண்ணைப் பெற்றவள் கட்டிலில் படுத்துக் கிடப்பதாவது? கால் தானாகக் கீழே இறங்கிவிட்டது. எந்திரிக்காதீங்க என்று சம்பந்தியம்மாள் பதறினார். அப்படிச் சொன்னால் எழுந்தே ஆக வேண்டும் என்பது எங்கள் பக்கத்து முறை. கதவுவரைக்கும் வாரேன் என்றேன். கதவருகே வந்ததும் போதுமுங்க என்றார். படிவரைக்கும் என்றேன். அவர் தடுக்கத் தடுக்க, நான் தலையணையை வயிற்றோடு கட்டிக்கொண்டு ஓர் எட்டு, இன்னோர் எட்டு என்று போய்க்கொண்டே இருந்தேன். பின்னால் என் வீட்டுக்காரர் டிரிப்ஸ் கம்பியை உருட்டிக்கொண்டு வந்தார். நர்ஸ் மேஜையிலிருந்து வாய்பிளந்து பார்த்தாள்.

படிக்கட்டு வந்தது. வந்ததும் கிளம்பிவிடுவார்களா என்ன? விடைபெற்ற பிறகுதானே எங்களுக்குப் பேச்சே ஆரம்பிக்கும். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தது, சமையலுக்கு யார், முகூர்த்தப் புடவை என்ன நிறம் என்று நின்ற நிலையில் பேசினோம். புடவை பேசிக்கொண்டிருந்தபோது என் வயிற்றில் ஏதோ உருண்டது. பிடித்து முறுக்கியது. நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அரக்குச் சிவப்பு நல்லா இருக்குமுங்க என்று சொல்லி வாய் மூடவில்லை, காற்றுப் பிரிந்தது.

சின்னதாக இல்லை. இத்தனை நாள் சேர்த்துவைத்தது அத்தனையும் ஒரே மூச்சில், வராந்தாவின் அந்தக் கோடிவரைக்கும் கேட்கிற மாதிரி. கீழ்ப்படியில் இறங்கிக்கொண்டிருந்த ஒருவர் நின்று மேலே பார்த்தார். சம்பந்தி ஐயா சுவரில் இருந்த சத்துணவுப் படத்தை உன்னிப்பாகப் படிக்கத் தொடங்கினார். எனக்குத் தரை பிளந்தால் தேவலை என்று இருந்தது.

சம்பந்தியம்மாள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நல்லதாப் போச்சுங்க சம்பந்தி. கல்யாணத்தைக் குறைவில்லாம நடத்திப்போடலாமுங்க" என்றார், கண் கலங்க. நர்ஸ் ஓடிவந்தாள். நான் சிரித்தேன், வயிறு வலிக்க வலிக்கச் சிரித்தேன். வெட்கத்தைவிடச் சந்தோஷம் பெரிதாக இருந்தது. பிழைத்துவிட்டேன் என்று எனக்கே அப்போதுதான் நம்பிக்கை வந்தது.

அறைக்குத் திரும்பியதும் நர்ஸ் போனில் டாக்டரைக் கேட்டுவிட்டு, ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்தாள். அதை நாக்கில் வைத்துக்கொண்டே இருந்தேன், விழுங்க மனசே வரவில்லை. மெல்ல உள்ளே விட்டேன். போனது. தங்கியது.

அதைப் பார்த்துக்கொண்டே நின்ற என் வீட்டுக்காரர், மேஜைமேல் இருந்த சொம்பை எடுத்தார். அண்ணாந்து மடக் மடக்கென்று முழுச் சொம்பையும் குடித்தார். பாதி சட்டையில் வழிந்தது. துடைக்கக்கூட இல்லை, இன்னொரு சொம்பு மொண்டு அதையும் குடித்தார். அப்போதுதான் கவனித்தேன், அவர் உதடு என் உதட்டைப்போலவே வறண்டு வெடித்துக் கிடந்தது.

காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லையா என்று அதட்டினேன்.

சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "நீ குடிக்காம எனக்கு எறங்கலை அம்மணி."