வெற்றிலைத் தட்டுக்கு ஒரு கோட்டு

சிஞ்ஞோராவை விட எனக்கு இரண்டு வயது கூட. ஆனாலும் அந்த விசயதசமிக்கு அவள் முன்னால் குனிந்து நின்றவள் நான்தான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இத்தாலியில், பலேர்மோ நகரில், அவள் வீட்டைத் துடைத்துச் சமைப்பது என் வேலை; வீட்டு எசமானியை அங்கே சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிட வேண்டும். அவள் கிழமையில் இரண்டு பின்னேரம் ஏழெட்டுப் பெண்களுக்கு இக்கெபானா படிப்பிப்பாள். ஜப்பான்காரர் பூ வைக்கும் கலை. வாளியில் தண்ணீர் கொண்டுவருவதும், வெட்டிய தண்டுகளைக் கூட்டி அள்ளுவதும் நான். அள்ளிக்கொண்டே பார்த்தேன். பழைய முறையில் மூன்று கிளைகள்: நெடியது வானம், நடுத்தரம் மனிதன், குட்டை நிலம். தட்டையான சட்டிக்குள் ஆணி நிறைந்த கட்டையில் குத்தி நிறுத்த வேண்டும். சரிவு இம்மியும் பிசகக் கூடாது. மாலை கட்டிப் பழகிய என் கைக்கு அந்த வெறும் இடம் அந்தரமாக இருந்தது. சாமிப் படத்துக்கு இப்படி மூன்று பூ வைத்திருந்தால் என் மாமி பேசியே கொன்றிருப்பா. புது முறையில் அளவு கிடையாது. கம்பி, துருப்பிடித்த தகரம், காய்ந்த கள்ளி, எதுவும் வரலாம். அதுதான் எனக்குப் பிடித்தது. மிஞ்சிய தண்டுகளை வைத்துக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், நானும் செய்து பார்த்தேன். ஒருநாள் அவள் வந்து, ஒரு கிளையை மட்டும் சற்றுச் சரித்துவிட்டுப் போனாள். எனக்குப் படிப்பிக்கத் தொடங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

கலை பழகத் தொடங்கினால் குருவுக்குத் தட்டு வைக்க வேண்டும் அல்லவா? வளர்ப்பு அப்படி. கபோ சந்தையில் பழமும் பூவும், தமிழ்க் கடையில் வெற்றிலை பாக்கும் வாங்கி, மேலே ஒரு பட்டுத் துண்டும் வைத்து விசயதசமியன்று நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கினாள். அடுத்த நாள் அலமாரியிலிருந்து ஒரு சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டை எடுத்துத் தந்தாள். குருவின் ஆசீர்வாதம் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. தட்டை வாங்கினால் பிள்ளையைச் சீடராக ஏற்றுக்கொண்டதாகத்தான் எங்கள் ஆட்களுக்கு அர்த்தம். அது அவளுக்கு எங்கே தெரியும்? நான் அதை யோசிக்கவேயில்லை.

இரண்டு வருடம் கழித்து, பெப்ரவரியில், பக்கத்து ஊரான பகேரியாவின் பழைய மாளிகை ஒன்றில் மாணவிகளின் கண்காட்சி வைத்தாள். நீயும் ஒன்று செய் என்றாள். காய்ந்து நார்வலையாகிப்போன நாகதாளி மட்டை, அதனூடாகப் பூத்த ஒரேயொரு பாதாம் கிளை. மூன்று நாள் மண்டையைப் போட்டு உடைத்துச் செய்தேன். நெடுநேரம் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றாள். எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. பக்கத்தில் வைக்கும் அட்டையில் என் பெயர் வரும் என்று கோயில் சனத்துக்கெல்லாம் சொல்லிவிட்டேன். இருபத்திரண்டு வருடமாக இந்த ஊரில் என் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டது பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவில் விசாவுக்கு வரிசையில் நிற்கும்போது மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை மகளோடு ரயிலில் போனேன். கோட்டைப் போட்டுக்கொண்டுதான். மண்டபத்தின் நடுவில் என் நாகதாளி. சுற்றிச் சனம் படம் எடுத்துக்கொண்டு நின்றது. மகள் குனிந்து அட்டையை வாசித்தாள்.

"அம்மா, இஞ்சை சிஞ்ஞோராட பேரெல்லோ கிடக்கு."

மற்ற அட்டைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். என் பெயர் ஒன்றிலும் இல்லை. சிஞ்ஞோராவை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை, உண்மையாகவே அதிசயப்பட்டாள். மாணவிகள் முறைப்படி சேர்ந்தவர்கள் என்றாள். நீ வேலை நேரத்தில் என் வீட்டில் செய்தது என் பெயரில்தானே வரும் என்றாள். தட்டு வாங்கினீர்களே என்று கேட்டேன். எந்தத் தட்டு என்று யோசித்தாள். பிறகு முகம் மலர்ந்தது.

"அந்தப் பழத் தட்டா? அதற்குத்தானே உனக்குக் கோட்டுத் தந்தேன்."

மகள் சண்டைக்குப் பாய்ந்தாள். "விடு பிள்ளை, வா போவம்" என்று இழுத்துக்கொண்டு வந்தேன். வரும் வழியில், சனம் விலகிய நேரம் பார்த்து, என் பாதாம் கிளையை உருவி எடுத்தேன். ஒரு கிளை போனால் மற்றதெல்லாம் குப்பை என்று வகுப்பில் சொன்னவளும் அவள்தான். கோட்டைக் கழற்றி வாசல் கதிரையில் எறிந்துவிட்டு, நடுங்கிக்கொண்டே ஸ்டேசனுக்கு நடந்தேன்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போனேன். போகாமல் என்ன செய்வது? பெர்மெசோ, இந்த நாட்டில் இருக்கத் தரும் அனுமதி, புதுப்பிக்கும் மாதம் அது. வேலைக் கடிதம் அவள் கையால்தான் வர வேண்டும். யாரோ கிளையைத் திருடிவிட்டார்கள் என்று என்னிடமே முறையிட்டாள். என்னைச் சந்தேகப்படக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. வேறொரு கிளையைக் குத்திவிட்டாளாம். ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லையாம்.

குசினி ஆணியில் கோட்டுத் தொங்கியது. நேற்று மறந்துவிட்டாய், குளிரப்போகிறது என்றாள். அன்பாகத்தான் சொன்னாள்.

பின்னேரம் வகுப்பு முடிந்ததும் தண்டுகளைக் கூட்டி அள்ளினேன். வெளியே மழை. நன்றி சொல்லி, கோட்டைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனேன்.